கூடத்துக்கு வரும் பச்சை மேஜை

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். “எங்கள் வீட்டில் பத்து நாளாக ஒரே பேச்சு. கண்டோன்மெண்டில் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்களாம். அவர்களிடம் பூல் மேஜை ஒன்று இருக்கிறதாம். புது மேஜையின் விலையில் பாதிகூட இல்லையாம். இவரும் பிள்ளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பச்சைத் துணி பளபளவென்று இருக்கிறது, விட்டால் கிடைக்காது என்கிறார்கள். பத்தாவது படிக்கும் பெண்ணும் அவர்கள் கட்சி. நான் ஒருத்திதான் எதிர்க்கட்சி. உள்ள கூடமும் போய்விடுமே என்று கவலையாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது, எதைச் சொல்லித் தடுப்பது?”

தடுப்பதற்கு நான் யோசனை சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டிய நாலு கேள்வியைக் கேட்டால், வாங்கத் தகாத மேஜை தானாகவே வாசலோடு திரும்பிப் போய்விடும். இந்தக் கேள்விகளை ஆண்கள் கேட்பதில்லை என்பது என் அனுபவம். அவர்கள் துணியின் நிறத்தையும் மேஜைக் காலின் கடைசல் வேலையையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்.

முதலில், இது என்ன மேஜை? பச்சைத் துணி போர்த்தியதெல்லாம் ஒன்றல்ல. கிளப்புகளில் பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் ஆடும் மேஜை 12 அடி நீளம், 6 அடி அகலம். எடை ஒரு டன்னுக்கு மேல். ஸ்னூக்கர் நம் நாட்டிலேயே பிறந்த ஆட்டம் என்றால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1875-ல் ஜபல்பூர் பட்டாள முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கி வைத்தது. (பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) 1882-ல் அதன் விதிகளை நம் உதகமண்டலம் கிளப்பில் எழுதி மாட்டினார்கள். அப்புறம் ரயில்வே ஊர்களின் இன்ஸ்டிட்யூட்களுக்கும் பச்சை மேஜை வந்தது. பொன்மலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இன்ஸ்டிட்யூட் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெரிய மேஜை எப்போதாவது ஏலத்தில் கொள்ளை மலிவாக வரும். வாங்கி வைக்க யாரிடமும் இடமில்லை என்பதால்தான் அந்த மலிவு. அதை ஆட 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். வீட்டுக்கு ஏற்றது பூல் மேஜைதான். 7 அடி, 8 அடி, 9 அடி என்று மூன்று அளவில் வருகிறது.

இனி உங்கள் கூடம். இதற்கு அளவு நாடா வேண்டாம். பீரோவிலிருந்து ஒரு ஆறு கஜம் புடவையை எடுத்து, கூடத்தின் நடுவில் நீளவாக்கில் விரியுங்கள். புடவையின் நீளம் சுமார் 18 அடி. 8 அடி மேஜையில் பந்து உருளும் பரப்பு 88 அங்குலத்துக்கு 44 அங்குலம். ஆடும் கோல் 58 அங்குலம். பந்து விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால், கோலை முழுவதும் பின்னால் இழுத்து அடிக்க வேண்டுமல்லவா? ஆகவே மேஜையின் நாலு பக்கமும் ஒரு கோல் நீளம் காலியாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் நீளத்தில் 17 அடி வருகிறது. புடவை மடங்காமல் படுத்தால், நீளம் போதும். ஓரடி மிச்சமும் உண்டு.

அகலத்துக்கும் அதே புடவை. அதன் அகலமும் மேஜைப் பரப்பின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒட்டடைக் கம்பில் 58 அங்குலத்துக்கு ஒரு கயிறு கட்டி, புடவையின் கரையிலிருந்து இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். கம்பு சுவரில் இடித்தால் மேஜை வேண்டாம். அகலத்தில் 13 அடி 4 அங்குலம் வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் இங்கேதான் கதை முடிகிறது. வாசலிலிருந்து கொல்லைவரை ஓடிப் பார்த்தால் மூச்சு வாங்கும், நீளத்துக்குப் பஞ்சமில்லை. அகலம் கேட்டால், ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் முற்றத்துத் தூண். 7 அடி மேஜைக்கும் 16 அடிக்கு 13 அடி வேண்டும். 48 அங்குலக் குட்டைக் கோல் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைச் சமாளிக்கலாம். ஆனால் நாலு பக்கமும் குட்டைக் கோல் என்றால் அது ஆட்டமில்லை, அவஸ்தை. கம்பை வீசும்போது தலைக்கு மேல் மின்விசிறியையும், பீரோக் கண்ணாடியையும், மாட்டியிருக்கும் தஞ்சாவூர்ப் படத்தையும் கவனியுங்கள்.

இடம் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, துணிக்கு அடியில் என்ன இருக்கிறது? நல்ல மேஜையில் இருப்பது கல். நாம் குழந்தையில் பலப்பத்தால் எழுதினோமே, அந்தச் சிலேட்டுக் கல்லேதான். ஆந்திராவில் மார்க்காபூரிலிருந்து பள்ளிக்கூடச் சிலேட்டு வந்ததுபோல், மேஜைக்கு வேல்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பெரிய பாளங்களாக வந்தது. பூல் மேஜையில் ஓரங்குலக் கனத்தில் மூன்று பாளங்களைச் சேர்த்து, இடுக்கில் தேன்மெழுகு உருக்கி ஊற்றி மட்டம் செய்திருப்பார்கள். மலிவு மேஜைகளில் கல்லுக்குப் பதில் அழுத்திய மரத்தூள் பலகை. அதற்கும் மேலே அதே பச்சைத் துணிதான், பார்த்தால் தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். மேஜைக்குக் கீழே குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மூலைப் பையின் ஓரத்தில் கல்லின் சாம்பல் நிறம் தெரியும். தொட்டால் சில்லென்று இருக்கும். அடியில் மரச் சட்டம் மறைத்திருந்தால், விற்பவரைக் கேட்டு ஒரு பையைக் கழற்றிப் பார்ப்பதில் தவறில்லை. பலகை மேஜை கூடாது என்று நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், ஸ்ரீரங்கம் ஒரு தீவு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவே ஊதிப்போய்ச் சாத்த மாட்டேன் என்கிறது. மரத்தூள் பலகை ஊதினால் அதைச் சீவிச் சரி செய்யத் தச்சராலும் முடியாது.

கல் மேஜை 8 அடியில் 350 முதல் 450 கிலோவரை இருக்கும். தரைத் தளமென்றால் கவலையே இல்லை. அடுக்குமாடிக் கான்கிரீட் தளம், முறையாகப் போட்டதாயிருந்தால், சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படிதான் கணக்கிட்டிருப்பார்கள். இந்த மேஜை அதில் ஏறக்குறையப் பாதிதான் வைக்கிறது. ஆனால் தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல் குத்திச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மச்சில் மட்டும், எஞ்சினீயர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் ஏற்றவே வேண்டாம். நூறு வருஷத்து உத்தரத்தில் செல் அரித்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

மேஜையின் விளிம்புக்குள் ரப்பர் இருக்கிறது. யாரும் ஆடாவிட்டாலும் வயது ஏற ஏற அது இறுகிவிடும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் ஆயுள் முடிந்தது. பிறகு ஒரு பந்தை நீளவாக்கில் பலமாக அடிக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு தடவையாவது நீளத்தைக் கடந்து ஓட வேண்டும். எதிர் விளிம்பில் தொப்பென்று விழுந்து திரும்பி வர யோசித்தால், ஆறு ரப்பரையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். இன்னொரு பந்தை மெதுவாக உருட்டுங்கள். கடைசியில் ஒரு பக்கமாக வளைகிறதா? பல இடத்தில் வளைந்தால் கல்லோ சட்டமோ கோணியிருக்கலாம். ஒரே திசையில் சாய்ந்தால் தரையின் குற்றமாக இருக்கலாம். அதைக் காலுக்கடியில் கட்டை வைத்து ரசமட்டம் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம். உங்கள் வீட்டிலும் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் தண்ணீர் ஓடுவதற்காகச் சற்றுச் சரிந்துதானே இருக்கும்!

பழைய பந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய மேஜையோடு சில சமயம் தந்தப் பந்து வரும். இளமஞ்சளாக, வலை பின்னினாற்போல் மெல்லிய ரேகையோடு இருக்கும். ஒரு காலத்தில் எல்லாப் பந்தும் தந்தம்தான். ஒரு தந்தத்தில் நாலைந்து பந்துக்கு மேல் தேறாது என்றால், எத்தனை யானை போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். யானை கட்டுப்படியாகாமல் போய்த்தான், 1863-ல் அமெரிக்காவில் ஒரு மேஜைக் கம்பெனி, தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் தருவதாக அறிவித்தது. அந்த முயற்சியில் ஹயாட் என்பவர் செல்லுலாய்டைக் கொண்டுவந்தார். பந்துக்காகப் புறப்பட்டவர் பிளாஸ்டிக் யுகத்துக்கே பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்! இப்போது நல்ல பந்தெல்லாம் ஒருவகைப் பிசினில் செய்தது. தந்தப் பந்தை எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் 1986-ல் அதில் செய்த திருத்தமும் சேர்ந்து, தந்தத்தை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கிவிட்டன.

கூடம் போய்விடுமே என்ற கவலைக்கு வருகிறேன். போகத்தான் போகும், அதை மறைத்து என்ன பயன்? மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு வரும் உறவினர்களைக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைப்பீர்கள். இனி மேஜைக்கு அடியில் நாலு குழந்தைகள்தான் படுக்கலாம். நவராத்திரிக் கொலுவுக்கு வேறு சுவர் தேட வேண்டும். பூல் மேஜைமேல் பலகை போட்டுப் படி கட்டலாமே என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் கம்பளித் துணி பாழ். ஆகவே விலை பேசுமுன் வீட்டில் ஒரு நிபந்தனை பேசிவிடுங்கள். மூன்று மாதம் யாரும் தொடாமல் அதன்மேல் உலர்ந்த துணி மடித்து வைக்கும் நிலை வந்தால், விற்றுவிட வேண்டும் என்று. துணி மடிக்க நமக்கு 400 கிலோவில் மேஜை எதற்கு?

இன்னொரு நிபந்தனையும் உண்டு. உங்கள் பெண் அவர்கள் கட்சி என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்தக் காலத்துக் கிளப்புகளில் பில்லியர்ட்ஸ் அறை ஆண்களின் கோட்டை. 1958-ல் கல்கத்தாவில் வில்ஸன் ஜோன்ஸ் உலகப் பட்டம் பெற்றபோது தேசமே கொண்டாடியது. நம் வீட்டுப் பெண்ணும் கோலைத் தொடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2025 நவம்பரில் தோஹாவில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் பெண்களுக்கான உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்று வந்திருக்கிறார். கையில் பலம் வேண்டாத ஆட்டம் இது. கண்ணும் நிதானமும் போதும். பிள்ளையும் அவன் சிநேகிதர்களும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, பெண் ஓரமாக நின்று காப்பி கொண்டுவந்து கொடுப்பதென்றால், அந்த மேஜை உங்கள் கூடத்துக்கு வர வேண்டியதில்லை. அவளுக்கும் நாள் ஒதுக்குங்கள். உங்களுக்கும்தான்.

எல்லாம் திருப்தியாகி வாங்குவதென்று முடிவானால், அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் யார்? முதலில் பூட்டியவர் யாரென்று விற்பவருக்குத் தெரிந்திருக்கும். தெருக்கோடித் தச்சரை நம்ப வேண்டாம். மேஜையை முழுசாகத் தூக்கினால் கல் விரிசல் விடும். விளிம்பு, துணி, கல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, மூன்று பாளத்துக்கும் பின்னால் சாக்கட்டியால் எண் போட்டு, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாளம் ஒன்று 70 கிலோ. படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து, சாக்கு கொடுத்து வர வேண்டும். குட்டியானை வண்டி ஒன்றே போதும், காவிரிப் பாலம் தாண்டி வந்துவிடலாம். ரேழியில் திரும்புகிற இடத்தைத்தான் முன்னாடியே அளந்து வையுங்கள். கழற்றிய துணி மறுபடி முன்போல் இழுபடாது. புதுத் துணி, பூட்டும் கூலி, வண்டி, ஏற்றி இறக்கும் ஆட்கள், எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி மேஜை விலையோடு கூட்டுங்கள். “பாதி விலை” என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாரே, அந்தப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.