கடலின் ஓய்வுக்கு விலை கொடுப்பவர் யார்?

ஒவ்வோர் ஆண்டும் இளவேனில் தொடங்கும் வேளையில், மேற்கு வங்கம் முதல் தமிழ்நாடு வரை கிழக்குக் கடற்கரை நெடுகிலும் இயந்திரப் படகுகள் கரையோடு கட்டப்படுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கடலுக்கு ஓய்வு. மேற்குக் கடற்கரையில் இதே ஓய்வு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீனினங்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கு இடைவெளி தர வேண்டும் என்பதே ஒன்றிய அரசு கூறும் காரணம். காரணத்தில் பிழை இல்லை. கடல் வற்றாத சுரங்கம் அன்று. முட்டை சுமக்கும் மீனைப் பிடிப்பது விதை நெல்லைக் குத்திச் சமைப்பதற்கு ஒப்பானது என்பதை மீனவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கேள்வி வேறு. அந்த ஓய்வுக்கு விலை கொடுப்பவர் யார்?

இந்தக் கேள்வியை எழுப்ப இரு தரப்பினர் விரும்புவதில்லை. பெரும் படகு உரிமையாளர்களில் ஒரு சாரார், தடையையே நீக்கு அல்லது குறை என்கின்றனர். படகுத் தொழிலாளரின் பசியைத் தம் முழக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, நாளைய மீன்வளத்தை இன்றே காசாக்குவது அவர்கள் நோக்கம். மறுபுறம் ஆட்சியாளரும் அவர்களுக்கு ஒத்து ஊதும் வல்லுநர் சிலரும், எல்லோரும் மீன் பிடித்ததால் வளம் குறைந்தது. ஆகவே எல்லோரும் தியாகம் செய்ய வேண்டும் என்று உபதேசிக்கின்றனர். "எல்லோரும்" என்ற ஒரு சொல்லுக்குள் இழுவைமடிக் கப்பலும் கட்டுமரமும், துறைமுக முதலாளியும் கருவாட்டுக் கூடைக்காரியும் ஒன்றாகிவிடுகின்றனர்.

கணக்கைப் பார்ப்போம் என்று அழைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் தடைக்கால வாழ்வாதார உதவியாக ஒரு மீனவருக்குக் கிடைப்பது மூன்று மாதங்களுக்கு 4,500 ரூபாய். அதில் 1,500 ரூபாய் அவரே முன்கூட்டிச் செலுத்திய பணம். அரசு தருவது 3,000 ரூபாய். மூன்று மாதங்களுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக் கஞ்சிக்கும் போதாத இத்தொகைக்கு 'ஊட்டச்சத்து ஆதரவு' என்றும் பெயர் சூட்டியிருக்கின்றனர். சில மாநில அரசுகள் தம் நிதியிலிருந்து கூடுதலாக வழங்குகின்றன; தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் போராடிப் பெற்றதே. ஆனால் நாடு முழுமைக்கும் தடை விதிப்பது ஒன்றிய அரசு; அந்தத் தடையின் சுமையைத் தாங்க வேண்டியவர்கள் மட்டும் மாநிலங்களும் மீனவர்களுமா?

இந்த அற்பத் தொகையும் எல்லோரையும் சென்றடைவதில்லை. பங்கு முறையில் வேலை செய்யும் படகுத் தொழிலாளிக்குப் படகு ஓடினால்தான் பங்கு. படகு நின்றால் கடன். உரிமையாளருக்குப் படகேனும் மிஞ்சுகிறது. தொழிலாளிக்கு மிஞ்சுவது அடுத்த பருவத்தில் அதே உரிமையாளரிடம் திரும்பிச் செல்ல வைக்கும் முன்பணக் கடனே. 'கடலுக்குச் செல்லும் பதிவுபெற்ற மீனவர்' என்ற வரையறைக்குள் மீன் ஏலமெடுத்துத் தலைச்சுமையாய் விற்கும் பெண்களும், கருவாடு காயவைக்கும் பெண்களும், வலை சீரமைப்போரும், பனிக்கட்டி உடைப்போரும் பெரும்பாலும் வருவதில்லை. கடலுக்கு ஓய்வு என்றால் இவர்களின் உழைப்புக்கும் கட்டாய ஓய்வு. ஊதியம் மட்டும் இல்லை.

இந்த அநீதி முழு உருவம் கொள்ளும் இடம் ஒடிசாக் கடற்கரை. உலகில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் பெருந்திரளாகக் கூடி முட்டையிடும் இடங்களில் கஹிர்மாதாவும் ருஷிகுல்யாவும் முதன்மையானவை. 1997ல் கஹிர்மாதா கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆமைகளைக் காக்க, தாம்ரா, தேவி, ருஷிகுல்யா கழிமுகப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மே 31 வரை 20 கிலோமீட்டர் தொலைவுக்கு மீன்பிடித் தடை உள்ளது. இதன் வால்பகுதியில் ஏப்ரல் 15ல் தொடங்கும் பொதுத் தடையும் சேர்கிறது. ஆக, அப்பகுதியின் இயந்திரப் படகு மீனவருக்கு நவம்பர் முதல் நாளிலிருந்து ஜூன் 14 வரை ஏழரை மாதங்கள் அருகிலுள்ள கடல் மூடப்பட்ட கதவு. மாநில அரசு தனியே ஓர் உதவித்தொகை தருகிறது; ஏழரை மாத வாழ்வுக்கு அது ஈடாகாது.

ஆமைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆமையைக் கொல்வது எது? ஆமை நீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர். மணிக்கணக்கில் அடியில் இழுபடும் இழுவைமடியில் சிக்கினால் அது மூச்சடைத்துச் சாகிறது. மடியில் ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் கருவியைப் பொருத்தினால் இதைத் தவிர்க்கலாம். அக்கருவியைக் கட்டாயமாக நடைமுறைப்படுத்தாததைக் காட்டியே 2019 முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கா தன் சந்தையை மூடியது. முதலாளி பொருத்தாத கருவிக்காக விலை வீழ்ச்சியைச் சுமப்பவர்களும் தொழிலாளர்களே. இன்னொரு காட்சியும் உண்டு. கஹிர்மாதாவுக்கு அருகில், சூழலியலாளர்களும் மீனவர்களும் எதிர்த்த தாம்ரா துறைமுகம் 2011ல் வணிக இயக்கத்தைத் தொடங்கியது. டாடா ஸ்டீலும் எல் அண்ட் டியும் கூட்டாக அமைத்த அத்துறைமுகம் 2014ல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. சிறு படகுக்கு மாதக்கணக்கில் தடை. நிலக்கரிக் கப்பலுக்கு ஆண்டில் ஒரு நாளும் தடை இல்லை. இதுதானா 'எல்லோருடைய' தியாகம்?

கடலிலிருந்து சற்றே உள்ளே வந்தால் அதே ஒடிசாவில் சிலிகா ஏரி. பூரி, குர்தா, கஞ்சம் மாவட்டங்களைத் தழுவி, மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் இந்த உப்பங்கழி வேனிலில் 900 அளவுக்குச் சுருங்கும். வேனில் பிறந்ததும் ஆற்றுநீர் வரத்துக் குறைகிறது. முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி உப்புத்தன்மை கூடுகிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்தே சிலிகாவின் உயிர்மூச்சு. கேவுட்டா, கண்டரா, தியரா, நோலியா முதலிய மீனவச் சாதியினர் தலைமுறை தலைமுறையாக எந்த வலையை எப்பருவத்தில் எங்கே இடுவது என்று தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு இந்தப் போக்குவரத்தைச் சார்ந்ததே.

அந்த ஒழுங்கை உடைத்தது மீனவரின் பேராசை அன்று. ஏற்றுமதி இறாலின் விலை. 1980களில் இறால் பொன்னாக மாறியதும், ஏரியை நுண்கண்ணி வலைகளால் அடைத்து இறால் வளர்க்கும் 'கேரி' எனப்படும் அடைப்புகள் முளைத்தன. 1986ல் மாநில அரசும் டாடா நிறுவனமும் கூட்டு இறால் பண்ணைக்கு ஒப்பந்தம் செய்தன. 1991ல் வந்த குத்தகைக் கொள்கை, ஏரியைப் 'பிடிப்பு நீர்', 'வளர்ப்பு நீர்' என்று பிரித்து, மீனவரல்லாதாருக்கும் அதில் இடம் தந்தது. மீனவர்களும் மாணவர்களும் திரண்ட 'சிலிகா பச்சாவ்' இயக்கத்தின் முன் டாடா நிறுவனம் பின்வாங்கியது. தமிழ்நாட்டு சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சிலிகாவுக்கும் பழவேற்காட்டுக்கும் 1,000 மீட்டருக்குள் மரபுசாரா இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு தாளில் இருந்தது. கேரிகள் நீரில் இருந்தன. அரசு அகற்றாத அடைப்புகளை மீனவர்கள் தாமே அகற்றத் துணிந்தபோது அரசுக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. 1999 மே 29 அன்று, வேனிலின் உச்சத்தில், சொரானா கிராமத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் பலியாயின. அன்று ஒடிசாவை ஆண்டது காங்கிரஸ். பின்னர் ஆட்சிகள் மாறின. அகற்றப்பட்ட கேரிகள் மீண்டும் மீண்டும் முளைத்தன.

மீனவரே வளத்தை அழித்தனர் என்போருக்குச் சிலிகாவே விடை தந்துவிட்டது. வண்டல் படிந்து முகத்துவாரம் தூர்ந்துபோனதால் 1999-2000ல் ஏரியின் மீன்வரத்து 1,750 டன் அளவுக்குச் சரிந்திருந்தது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் மீன்வரத்து 10,000 டன்னைத் தாண்டியது. அதே மீனவர்கள், அதே ஏரி. மாறியது நீரின் வழி மட்டுமே. வழியை அடைப்பது வண்டலாயினும் வலையாயினும் விளைவு ஒன்றே. ஆயினும் பெருகிய வளத்தின் மீதே கேரி வணிகர்களின் கண்ணும் மீண்டும் விழுந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கேரிகளில் கூலிக்கு நிற்பவர்களில் ஏரிக்கரை ஊர்களின் நிலமற்ற ஏழைகளும் உண்டு. அவர்களை மீனவருக்கு எதிரிகளாக நிறுத்திவிட்டு, பின்னால் பணம் போட்டவரும் ஏற்றுமதி செய்பவரும் மறைந்துகொள்கின்றனர். மீனவர், மீனவரல்லாதார் என்ற சாதிப் பிளவாக இதைச் சித்தரிப்பது அவர்களுக்கே வசதி. ரைன்லாந்தில் காட்டில் விழுந்த சுள்ளி பொறுக்குவதைத் திருட்டாக்கிய சட்டத்தை எதிர்த்து 1842ல் இளம் மார்க்ஸ் எழுதினார். ஏழைகளின் வழக்காற்று உரிமை சொத்துடைமையின் முன் குற்றமாக மாறுவதை அவர் அங்கே கண்டார். சொரானாவில் நடந்ததும் அதுவே. ஏரியை அடைத்தவர் 'வளர்ப்பவர்' ஆனார்; அடைப்பை நீக்கியவர் குற்றவாளி ஆனார்.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். தடைக்காலம் தேவை, பட்டினிக்காலம் தேவையில்லை. தடை நாள் ஒவ்வொன்றுக்கும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கு இணையான தொகையை, மீனவரிடம் பங்களிப்பு வாங்காமல், தடை தொடங்கும் முன்பே ஒன்றிய அரசு வழங்க வேண்டும். படகுத் தொழிலாளரும், மீன் விற்கும், கருவாடு காயவைக்கும் பெண்களும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டு அதைப் பெற வேண்டும். இழுவைமடிகளில் ஆமை தப்பும் கருவியும் உரிய கண்ணி அளவும் கண்டிப்பாக்கப்பட வேண்டும். சிலிகாவின் குத்தகை தொடக்க மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டுமே உரியதாக வேண்டும். 1996 தீர்ப்பு நீரிலும் செயல்பட வேண்டும். சரணாலயங்களின் அருகே துறைமுக விரிவாக்கம் நிறுத்தப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளைப் படகு உரிமையாளர் சங்கங்கள் முன்னெடுக்கும் என்று காத்திருப்பது வீண். கேரளத்தில் 1988ல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் மழைக்கால இழுவைமடித் தடை வந்ததற்குப் பின்னால், ஆண்டுக்கணக்கில் போராடிய சிறு மீனவர்களின் உறுதி இருந்தது. தடையைக் கேட்டு வாங்கியவர்களே அவர்கள்தாம். கடலை அழிப்பவர்கள் அவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கடலோரக் கிளைகளில் பணியாற்றும் தோழர்கள், படகுகள் கரையேறியிருக்கும் இந்த 61 நாள்களில் படகு உரிமையாளரின் முற்றத்துக்கு அல்ல, படகுத் தொழிலாளியின் குடிசைக்கும் மீன்கூடை கவிழ்ந்து கிடக்கும் திண்ணைக்கும் செல்ல வேண்டும். பதிவேட்டில் இல்லாத பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன. கோரிக்கை மனுவின் முதல் கையெழுத்தும் அங்கிருந்துதான் வர வேண்டும்.