ஏறக்குறைய என்பது ஓர் அளவன்று

“சின்னப் பிள்ளைகள் செய்யும் பெட்டிதானே ஐயா! ஏறக்குறைய இருந்தால் போதாதா?”

ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வியைப் பல முறை கேட்டுவிட்டேன். கேட்பவர்கள் நல்லவர்கள்தாம், என் நேரம் வீணாகிறதே என்ற அக்கறையில் கேட்பவர்கள். ஆயினும் இதற்கு நான் ஒருபோதும் உடன்படேன். ஏன் என்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திற்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு எழுதுகோல் பெட்டி செய்யப் பலகைகள் அறுத்துக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் நான்கு பக்கங்களையும் பசையிட்டு இணைத்தான். ஒரு மூலையில் இடைவெளி. அழுத்தினான், எதிர் மூலை திறந்துகொண்டது. அரைமணி நேரம் போராடிவிட்டு, “என் கை சரியில்லை ஐயா” என்றான். அவன் துண்டுகளை எடுத்து அளந்தேன். சமமாக இருக்க வேண்டிய இரண்டு பக்கங்களில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் குறைவு. முனைகளும் செங்கோணத்தில் இல்லை. அவன் கையில் குற்றமில்லை. குற்றம் என் வெட்டில். ஆனால் பத்து வயதுப் பிள்ளை மரத்தைச் சந்தேகிப்பதில்லை, ஆசிரியரையும் சந்தேகிப்பதில்லை. தன்னைத்தான் சந்தேகிக்கிறது. ‘ஏறக்குறைய’ என்பதற்கு விலை கொடுப்பவர் யாரென்று அன்று தெரிந்துகொண்டேன்.

இதற்கு மறுமொழியாகச் சிலர், “அறுத்துத் தயாராக வரும் பொட்டலங்களை வாங்கிக் கொடுத்துவிடலாமே” என்பர். வாங்கலாம். அப்போது பிள்ளைகள் படம் பார்த்து ஒட்டுவார்கள். எதையும் வடிவமைக்க மாட்டார்கள். பெட்டி ஐந்து சென்டிமீட்டர் நீளமாக வேண்டும் என்று ஒரு சிறுமி வரைந்து வந்தால் பொட்டலம் என்ன செய்யும்?

இன்னொரு பேச்சு உண்டு. அதுதான் எனக்கு மெய்யாகவே சினமூட்டுவது. நுட்பமான அளவெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதது என்பார்கள். யார் சொன்னது? ரந்தாவிலும் லிங்கியிலும் பகாவிலும் பால்மரம் சீவிய நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் கோணத்தோடு வாழ்ந்தவர்கள். ஒட்டுக்கன்று மரத்தில் வெட்டுக்கோடு 30 பாகை சாய்வில், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து ஓட வேண்டும். விதைக்கன்று மரமெனில் 25 பாகை. சாய்வு குறைந்தால் பால் கோட்டைவிட்டு வழியும். மிகுந்தால் பட்டை வீணாகும். மரத்துக்கு மரம் கண்ணால் மதிப்பிட்டா அந்தக் கோட்டை இட்டார்கள்? இல்லை. சாய்வு அமைத்த தகட்டை மரத்தில் பொருத்திக் கோடு கிழித்தார்கள். ஒரே கோணம், ஆயிரம் மரங்களில், பிழையின்றி. நான் இப்போது பேசப்போகும் கருவிக்கு அந்தத் தகடு நெருங்கிய உறவு.

அந்தக் கருவிக்கு மைட்டர் கேஜ் என்று பெயர். மேசை ரம்பத்தின் தளத்தில் வாளுக்கு இணையாக ஒரு காடி ஓடும். அதில் நழுவும் ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தின்மேல் கோணத்திற்குத் திரும்பும் அரைவட்டத் தலை. தலைக்கு முன்னே பலகையைச் சாய்த்துப் பிடிக்கும் முகம். பலகையைக் குறுக்காக அறுக்க இதைத்தான் தள்ளுகிறோம். (ரம்பத்தை இயக்குவது ஆசிரியர் மட்டுமே. மாணவர் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.)

ரம்பத்தோடு வந்த கேஜ் சரியில்லை என்று கண்டபின் சிரம்பானில் ஒரு கடைக்குப் போனேன். தவுக்கே பளபளக்கும் அலுமினியக் கேஜ் ஒன்றை எடுத்து வைத்து, அதன் கோணக் கோடுகளைப் பெருமையோடு காட்டினார். அரைப்பாகைக்குக்கூடக் கோடு இருந்தது. நானும் மயங்கி வாங்கிவிட்டேன். வீட்டில் காடியில் இட்டால் சட்டம் பல்லாங்குழியில் சோழி போல ஆடியது!

கோடுகளை எண்ணிக் கேஜ் வாங்குவது பயனற்ற செயல். இன்க்ரா நிறுவனத்தின் வி27 என்ற கேஜில் 27 நிறுத்தங்கள் உள்ளன. நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளி வேலையில் நமக்கு வேண்டியவை எத்தனை? செங்கோணம், 45 பாகை, அறுகோணத் தட்டுக்கு 30 பாகை. அவ்வளவே. எத்தனை நிறுத்தம் இருப்பினும் சட்டம் காடிக்குள் ஆடினால் அத்தனையும் பொய்.

கணக்கிட்டுப் பாருங்கள். காடியில் சட்டத்திற்கு 0.3 மில்லிமீட்டர் இடம் மிஞ்சியிருக்கிறது என்போம். அகலமான பலகையை வெட்டத் தொடங்கும்போது கேஜைப் பின்னுக்கு இழுக்கிறோம். 100 மில்லிமீட்டர் நீளச் சட்டம் மட்டுமே காடிக்குள் நிற்கிறது. அப்போது அது இருபுறமும் ஏறத்தாழ 0.17 பாகை திரும்ப முடியும். 300 மில்லிமீட்டர் அகலப் பலகையில் இது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். படச்சட்டம் செய்கையில் நிலை இன்னும் மோசம். நான்கு மூலைக்கு எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக அரைப்பாகை பிழைத்தால் கடைசி மூலையில் 4 பாகை வாய் பிளக்கும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் காடியை அளந்துகொள்ளுங்கள். பெரிய ரம்பங்களில் பொதுவாக முக்கால் அங்குல அகலமும் 3/8 அங்குல ஆழமும் இருக்கும். சிறிய ரம்பங்கள் பலவற்றில் அளவு வேறு. சட்டத்தின் பக்கவாட்டில் சிறு திருகுகளோ விரியும் வட்டுகளோ வைத்து ஆட்டத்தை நீக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். என்னைப் போல ஏமாந்துவிட்டால், சட்டத்தின் பக்க விளிம்பை ஒட்டிச் சென்டர் பஞ்சால் இடைவெளி விட்டுக் குத்துங்கள். குத்திய இடம் சிறிது புடைத்து ஆட்டம் தீரும். மிகையாகிவிட்டால் அரத்தால் தேய்க்கலாம். என் ‘பளபளப்பு’ இப்படித்தான் பிழைத்தது.

அடுத்தது முகம். பல கேஜ்களில் அது ஒரு சாண்கூட இராது. நீளமான, நேரான பலகை ஒன்றை அதில் திருகி இணைத்தால்தான் வெட்டு நிலைபெறும்; அதில்தான் தடைக்கட்டையும் பொருத்த முடியும். இந்தத் தடைக்கட்டையே என் கட்சி! 22 மாணவர் எனில் பெட்டிக்கு நான்கு பக்கமாக 88 துண்டுகள்: 44 நீளம், 44 குறுகல். ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்து அறுத்தால் 88 விதமான பிழை வரும். கட்டையை இரண்டு முறை மட்டும் பொருத்தினால், 44 துண்டுகளும் தம்முள் ஒன்றுபோல் இருக்கும். அளவே அரை மில்லிமீட்டர் தவறினாலும் எல்லாம் சேர்ந்து தவறும். பெட்டி அப்போதும் சதுரமாகவே மூடும். கட்டையின் அடி மூலையைச் சிறிது சீவிவிடுங்கள். இல்லையேல் மரத்தூள் அங்கே அடைந்து, பத்தாவது துண்டிலிருந்து எல்லாம் குட்டையாகும்.

வாளுக்கு இணையாக நிற்கும் ஃபென்ஸையே தடைக்கட்டையாக வைத்துக்கொள்வோரைக் கண்டிருக்கிறேன். கை கூப்பிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். அறுபட்ட துண்டு வாளுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கி, சிறிது திரும்பினாலும் வாளின் பின்பற்கள் அதை உங்கள்மேல் எறிந்துவிடும். 

“செங்கோணம் மட்டுமே வேண்டும், கேஜ் வாங்கத்தான் வேண்டுமா?” என்றால், வேண்டாம் என்பேன். இரண்டு காடியிலும் ஓடும் தள்ளுபலகை ஒன்றைத் தட்டையான ஒட்டுப்பலகையில் நீங்களே செய்யலாம். இரு சட்டங்கள் தாங்குவதால் அது ஒற்றைச் சட்டக் கேஜைவிட உறுதியானது. ஆனால் அதன் ஓடுசட்டங்களை மரத்தில் செய்யாதீர்கள். நம் மழைக்காலத்தில் ஊதி இறுகிவிடும். உலோகம் நன்று.

தோட்டத்து ரப்பர் மரம் ஒரு காலத்தில் அடுப்பெரிக்கத்தான் பயன்பட்டது; 1980களில்தான் மேசை நாற்காலிகளாகக் கப்பலேறத் தொடங்கியது. அதே மரத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பெட்டி மட்டும் ஏன் கோணலாக இருக்க வேண்டும்?

வாங்கியதோ செய்ததோ, நம்பாமல் சோதியுங்கள். முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, வாளின் ஒரே பல்லைக் குறித்துக்கொண்டு, காடியிலிருந்து அதன் தொலைவை முன்னும் பின்னும் அளந்து, காடியும் வாளும் இணையா என்று பாருங்கள். பிறகு 400 மில்லிமீட்டர் அளவுள்ள சதுர ஒட்டுப்பலகை ஒன்றை எடுங்கள். ஒரு பக்கத்தை அறுத்து, அறுத்த பக்கம் முகத்தில் படுமாறு திருப்பி அடுத்ததை அறுங்கள். இப்படி ஒரே திசையில் திருப்பி நான்கு பக்கமும் முடிந்தபின், ஐந்தாவதாக முதல் பக்கத்திலிருந்தே ஒரு மெல்லிய பட்டையை அறுத்தெடுங்கள். பட்டையின் இரு முனை அகலத்தையும் வெர்னியரால் அளந்து, வேறுபாட்டை நான்கால் வகுங்கள். நான்கு பக்கப் பிழையும் அதில் சேர்ந்து பெருகியிருக்கும், அதனால்தான் வகுக்கிறோம். முனைகள் 20.0, 20.8 என்றால், உங்கள் வெட்டு 400 மில்லிமீட்டருக்கு 0.2 பிழைக்கிறது. மூலைமட்டம் காட்டாத பிழையையும் இது காட்டிக்கொடுக்கும்.

என் முதல் பட்டையில் வேறுபாடு 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. தலையைத் தளர்த்தி, மெல்லத் தட்டி, மீண்டும் அறுத்து, ஐந்தாவது முயற்சியில் 0.4க்கு வந்தது. அதன்பின் அந்த மாணவனுக்கு நான்கு பக்கங்களையும் புதிதாக அறுத்துக் கொடுத்தேன். பசையில்லாமலே நிற்க வைத்துப் பார்த்தான், நின்றது.