காணி புரோக்கருக்கும் படிப்பு வேண்டும்

ஓ/எல் பெறுபேறு வருவதற்கு முன்பே நமது பிள்ளைகள் சிலர் காணி புரோக்கராகி விடுகிறார்கள். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு ஸ்மார்ட் போன், பேஸ்புக்கில் "10 பேர்ச், கிளியர் உறுதி, உடன் தொடர்பு கொள்ளவும்" என்று ஒரு பதிவு. அவ்வளவுதான், தொழில் தொடங்கியாயிற்று.

இதை நாம் குறையாகச் சொல்ல வரவில்லை. உண்மையாகச் செய்தால் ஹலாலான உழைப்பு. நாம் கேட்பது ஒன்றுதான். அந்த "கிளியர்" உறுதியை அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது வாசித்திருக்கிறதா?

பஸ் ஓட்டுபவரிடம் லைசன்ஸ் கேட்கிறோம். ஊசி போடுபவரிடம் பயிற்சி கேட்கிறோம். கட்டாரில் பத்து வருடம் வெயிலில் நின்று ஒருவர் சேர்த்த காசை ஒரே நாளில் கைமாற்றித் தருபவரிடம் மட்டும் எதையும் கேட்பதில்லை.

அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? குறைந்தது நான்கு விடயங்கள்.

முதலாவது, அளவு. ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. இப்போதைய நில அளவைப் படங்களில் ஹெக்டேயரில் எழுதியிருப்பார்கள். 0.0253 ஹெக்டேயர் என்றால் 10 பேர்ச் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும். பேர்ச் 5 இலட்சம் போகும் இடத்தில் ஒன்றரைப் பேர்ச் குறைந்தால் போவது ஏழரை இலட்சம்.

இரண்டாவது, உரிமை. இது நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். வாப்பா மௌத்தாகி விட்டார். உம்மா, ஒரு மகன், இரண்டு மகள்மார் இருக்கிறார்கள். வேறு வாரிசு இல்லை. மகன் காணியை விற்க வருகிறார். பராயிழ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காணியை 32 பங்காக்கினால் உம்மாவுக்கு 4, மகனுக்கு 14, மகள்மாருக்கு ஏழு ஏழு. மகனின் பங்கு பாதி கூட இல்லை. மற்றவர்கள் கையொப்பம் வைக்காமல் அவர் முழுக் காணிக்கும் உறுதி எழுதிக் கொடுத்தாலும் வாங்கியவருக்குச் சேர்வது அந்த 14 பங்குதான். இந்தக் கணக்கை வகுப்பில் இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். காணி விற்கும்போது மறந்து விடுகிறோம். அதில் இரண்டு சகோதரிகளின் ஹக்கும் போகிறது, வாங்கியவரின் நிம்மதியும் போகிறது.

மூன்றாவது, காணியின் வகை. அரசாங்கம் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியும் அளிப்புக் காணியும் சொந்த உறுதிக் காணி போன்றவை அல்ல. பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. வெறும் ஒப்பந்தத்தாளில் எழுதி, சாட்சிக்கு இரண்டு பேரை வைத்து வாங்கினால் கையில் இருப்பது கடதாசி மட்டும்தான்.

நான்காவது, பதிவு. காணி விற்பனை உறுதியை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இங்குள்ள சட்டம். எழுதினால் மட்டும் போதாது, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாமல் வைத்திருக்கும்போது அதே காணியை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தால் நமது உறுதி பின்தள்ளப்படலாம். வாங்குவதற்கு முன் அதே பதிவகத்தில் ஈடு, வழக்கு ஏதும் இருக்கிறதா என்றும் தேடிப் பார்க்கலாம்.

இவை நான்கும் ஒரு சராசரி மாணவனுக்கு ஒரு வாரத்தில் விளங்கக் கூடியவை. இவற்றைத் தெரிந்தவரிடம் ஆட்கள் தேடி வருவார்கள். தெரியாதவருக்கு ஒரு கொமிஷனோடு பெயர் கெட்டு விடும்.

இதற்கு மேலும் படிக்க விரும்பும் பிள்ளைக்கு வழி இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் காணி, கட்டட முகாமைத்துவமும் விலை மதிப்பீடும் பட்டப் படிப்பாகவே உண்டு. நில அளவை படிக்க சப்ரகமுவ பல்கலைக்கழகம். நகரத் திட்டமிடலுக்கும் கணிய அளவையியலுக்கும் மொறட்டுவ. நொத்தாரிசு ஆக சட்டக் கல்வி. ஏ/எல் பெறுபேறு வந்ததும் "மெடிசின் கிடைக்கவில்லை, இன்ஜினியரிங் கிடைக்கவில்லை" என்று மூலையில் உட்காரும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களை யார் சொல்கிறார்கள்? பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் எல்லாம் இருக்கிறது. நாம் முதல் நான்கைந்து பக்கங்களோடு மூடி விடுகிறோம்.

பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் என்று ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறோம். அந்த மேடைக்கு ஒரு சர்வேயரையும் ஒரு நொத்தாரிசையும் அழைப்போம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊரில் ஏற்கனவே புரோக்கர் தொழில் செய்யும் தம்பிமாருக்கு இரண்டு நாள் வகுப்பு வைக்கலாம். செலவு ஒரு பிளேன்டீயும் பணிஸும்தான். விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று மத்ரஸாவில் படித்த பிள்ளைக்கு, அந்தக் குறையைக் கண்டுபிடிக்கவும் நாம் கற்றுக் கொடுக்க வேண்டுமல்லவா?

பெற்றோரே, அலுமாரிக்குள் இருக்கும் உங்கள் வீட்டு உறுதியை இன்றிரவு வெளியே எடுங்கள். பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எல்லை எது, அளவு எவ்வளவு, யார் யாருக்குப் பங்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பாடத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.