செல்லப் பெயர்தானா?

கிரிக்கெட் ஆட்டம் நடைபெறுகையில் எங்கள் வீட்டு ஆடவர்க்கு ஊணும் உறக்கமும் வேண்டா. ஆட்டம் முடிந்த பின்னரும் அவர்தம் வாதம் முடிவதில்லை. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எழுந்த வாதமோ பந்தையும் மட்டையையும் பற்றியதன்று; ஒரு சொல்லைப் பற்றியது. ஆதலால் அடுக்களையிலிருந்த நானும் செவிசாய்த்தேன்.

டரன் சமியை நேயர்கள் அறிவர். சென் லூசியாவிற் பிறந்தவர். 2012இல் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் நம்மவரை 36 ஓட்டங்களால் வென்று, இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தைக் கொண்டுசென்ற மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவர் அவரே. அன்று எங்களுக்கு வந்த கோபம் அவருடைய சிரித்த முகத்தைக் கண்டு பாதி தணிந்தது.

அச்சமி 2013, 2014ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் ஐதராபாத் அணிக்காக ஆடினார். அங்கே தோழர் சிலர் தம்மை 'காலு' என்று அழைத்ததாகவும், நம் நாட்டுத் திசர பெரேராவையும் அவ்வாறே அழைத்ததாகவும் அவர் கூறினார். அழைக்குந்தோறும் எல்லோரும் சிரிப்பர். வலிமைமிக்க குதிரை என்பதே பொருள் போலும் என்றெண்ணி அவரும் மகிழ்ந்திருந்தார். அது நிறத்தைச் சுட்டும் ஏளனச் சொல் என்பது ஆறாண்டு கழித்தே அவருக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் ஜோர்ஜ் புளொயிட் பொலிசாரின் பிடியில் மாண்டதால் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்த வேளை அது. (சிங்களத்திலும் 'களு' என்றாற் கறுப்புத்தானே! பெரேராவுக்கு விளங்காமலா இருந்திருக்கும்?)

இரசிகர்கள் இரு கட்சியாயினர். "அன்பினாற் கூறியது; உடன்பிறந்தாரே அவ்வாறு அழைப்பதுண்டு. பழங்கதையை இப்போது கிளறுவானேன்?" என்றது ஒரு கட்சி. "அன்பென்றால் அதன் பொருளை அவரிடம் ஏன் கூறவில்லை?" என்றது மற்றது. இவ்வினாவுக்கு எங்கள் விறாந்தையில் எவரும் விடை பகரவில்லை. சமியோ பெருந்தன்மையாளர். பழைய தோழர் ஒருவர் பேசி, அன்பினாலேயே அழைத்ததாக உறுதி கூறியதும், குற்றங்காண்பதினும் அறிவூட்டுதலே நன்று என்று அமைந்தார்.

அந்நியரைத்தான் இவ்வாறு நகைக்கின்றனரோ என்றால் அதுவுமில்லை. சென்னை வெயிலில் ஆடி வளர்ந்த அபினவ் முகுந்த், 2017 ஓகஸ்டில் இந்திய அணியுடன் இலங்கை வந்திருந்தபோதே, தம் நிறத்தைக் குறித்து நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஏளனத்தை வெளிப்படையாக எழுதினார். எள்ளியவருட் பலர் அவருடைய நாட்டவரே.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? 'கறுவல்' இல்லாத ஒழுங்கை உண்டா? 'கறுப்பி' இல்லாத குடும்பந்தான் உண்டா? என் தங்கைக்கு ஐயா வைத்த செல்லப் பெயர் அதுவே. அவர் அழைக்கையில் அதில் வாஞ்சை இருந்தது; பொய் கூறேன். ஆயின், அவளுக்குக் கலியாணம் பேசப்பட்ட காலத்தில், பெண் பார்க்க வந்தோர் முற்றத்தில் நின்று அதே சொல்லைத் தமக்குள் மெல்லக் கூறிக்கொண்டனர். அதில் வாஞ்சை இல்லை. அவள் அறையினுள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை தொலைபேசியில் அவளிடம் சமியின் கதையைக் கூறினேன். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "அந்த மனிதருக்குக் கருத்தாவது தெரியாமல் இருந்தது, அக்கா" என்றாள்.

அவளுடைய பேர்த்தியை வீட்டில் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.