நம்ம பாடசாலையிலும் ஒரு 'ஈ' வகுப்பு இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

தவணை விடுமுறையில் ஹட்டனில் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. ஓ.எல் எழுதப் போகும் ராத்தாவின் மகன் போனை நீட்டினான். "சாச்சி, நீங்க டீச்சர்தானே, இத கட்டாயம் பாருங்க." 'அசாசினேஷன் கிளாஸ்ரூம்' என்ற ஜப்பான் அனிமே. பெயரைக் கேட்டதும் ராத்தா, "சோதினய வச்சிக்கிட்டு கொலகாரப் படமா பாக்குற?" என்று கத்தினா. நானும் குறை பிடிக்கத்தான் பார்க்கத் தொடங்கினேன். 47 எபிசோடையும் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

யூசெய் மட்சுயி 2012 முதல் 2016 வரை வரைந்த மங்கா கதை இது. 2015, 2016இல் அனிமேயாக வந்தது. மஞ்சள் நிறத்தில் ஆக்டோபஸ் மாதிரி ஒரு உருவம், வரும் மார்ச்சில் பூமியை அழிக்கப் போவதாகச் சொல்கிறது. ஆனால் அதுவரை ஒரு வகுப்புக்குப் படிப்பிக்க வேண்டுமாம். அதற்குள் ஆசிரியரைக் கொன்றால் 1,000 கோடி யென் பரிசு என்று அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சொல்கிறது. கேட்க விசர்க்கதை மாதிரித்தான் இருக்கும்.

என்னை உட்கார வைத்தது அந்த வகுப்புதான். பேர்பெற்ற பாடசாலை. ஏ முதல் டி வரை பெரிய கட்டடத்தில். புள்ளி குறைந்தவர்களைத் தள்ளிவிடும் 'ஈ' வகுப்பு மட்டும் மலை மேல், பழைய மரக் கட்டடத்தில். கூட்டம் என்றால் அந்தப் பிள்ளைகள் மலையிறங்கி வந்து எல்லோர் முன்னாலும் ஏளனப்பட வேண்டும். அவர்களைப் பார்த்துப் பயந்து மற்றவர்கள் படிப்பார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

இது ஜப்பானில் மட்டும் நடப்பதா? நம்ம பாடசாலைகளில் மலை தேவையில்லை. கடைசிப் பிரிவு என்ற பெயரே போதும். தவணைப் பரீட்சைப் புள்ளியைப் பார்த்துப் பிரிக்கிறோம். அனுபவமுள்ள ஆசிரியர் ஏ பிரிவுக்கு, புதிதாக வந்தவர் கடைசிப் பிரிவுக்கு. "அந்த கிளாஸா? பாவம் டீச்சர் நீங்க" என்று பிள்ளைகளின் காதில் விழவே பேசுகிறோம்.

நானும் அப்படிப் பேசியவள்தான். சில வருடங்களுக்கு முன் கடைசிப் பிரிவுக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். தோட்டத்திலிருந்து வரும் ஒரு பையன் பின்வாங்கில் இருப்பான். ஒருநாள் கணிதத் தாளைக் கொடுக்கும்போது, "நீ வந்தும் ஒன்னுதான், வராட்டியும் ஒன்னுதான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த தவணை அவன் வரவில்லை. கொழும்பில் கடையொன்றில் நிற்பதாகச் சொன்னார்கள். வீட்டுக் கஷ்டமும் காரணமாக இருக்கலாம். ஆனால் என் வார்த்தையும் அவனோடு பஸ் ஏறிப் போயிருக்கும்.

கலாசாலையில் படிக்கும்போது 'தனியாள் வேறுபாடுகள்' என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கினேன். அந்த அனிமேயில் வரும் ஆசிரியர் அதைச் செய்து காட்டுகிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் பாடம் ஓடவில்லை என்று பார்த்து, அதற்கேற்றபடி தனித்தனியே சொல்லிக் கொடுக்கிறார். அவருக்கு ஒலியைவிட 20 மடங்கு வேகம் இருக்கிறது, நமக்கு இல்லை. சரி. ஆனால் அந்தப் பையனிடம் "எந்தக் கணக்கு விளங்கல்ல மகன்?" என்று கேட்க எனக்கு எந்த வேகமும் தேவைப்பட்டிருக்காது.

ராத்தாவின் பயமும் நியாயம்தான். துப்பாக்கியும் கத்தியும் நிறைய வருகிறது, சில அசிங்கமான பகிடிகளும் உண்டு. அமெரிக்காவில் சில பாடசாலை நூலகங்கள் இந்த மங்கா புத்தகங்களை எடுத்தே விட்டன. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வளர்ந்த பிள்ளை பார்த்தால், ஏசுவதற்கு முன் பக்கத்தில் இருந்து இரண்டு எபிசோடாவது பாருங்கள். மருமகனிடம் ஏன் இது பிடித்தது என்று கேட்டேன். "எங்க கிளாஸையும் இப்பிடித்தான் சொல்றாங்க சாச்சி" என்றான். அவன் எந்தப் பிரிவில் படிக்கிறான் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

பெற்றோரே, பிள்ளையை ஏ பிரிவில் போட அதிபரிடம் சிபாரிசோடு போகிறோம். ஒருமுறையாவது, பிள்ளைகளைக் கலந்து வகுப்புப் பிரியுங்கள் என்று கேட்கப் போவோமா? ஆசிரியர்களே, பிரிப்பதை உடனே நிறுத்த முடியாவிட்டாலும், நல்லாகப் படிப்பிக்கும் ஒருவரைக் கடைசிப் பிரிவுக்கு அனுப்பலாம்தானே. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அவ்வளவு பிந்திக் கிடைத்த வகுப்பறைக்குள்ளேயே நம்ம பிள்ளைகளை மறுபடியும் ஓரத்தில் ஒதுக்க வேண்டாம். பிள்ளைகள் நம் கையில் இருக்கும் அமானிதம்.

புதிய வருடத்தில் கடைசிப் பிரிவைத் தாருங்கள் என்று நானே கேட்கப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். அந்தப் பையனைத் தெரிந்த யாராவது இதை வாசித்தால், டீச்சர் தேடினா என்று மட்டும் சொல்லுங்கள்.