ஒரே களஞ்சியமா, பல களஞ்சியங்களா? பிரிக்கும் முன் யோசியுங்கள்

டுரியான் துங்கால் யூடெம், புக்கிட் பெருவாங் எம்எம்யு, பாலிடெக்னிக் என எங்கே படித்தாலும், கணினித் துறை மாணவர்களுக்குக் குழுத் திட்டப்பணி உண்டு. குழுவில் நால்வர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கைப்பேசிச் செயலி, ஒருவருக்குச் சேவையகம், ஒருவருக்கு நிர்வாக இணையப்பக்கம், ஒருவருக்குத் தரவுத்தளம். “ஆளுக்கொரு ரெப்போ திறந்துகொள்வோம். யாரும் அடுத்தவர் வேலையில் கை வைக்க வேண்டாம்” என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாணவர் குழுக்களுக்குப் பெரும்பாலும் அது தவறான முடிவு என்பதே என் கருத்து.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ரெப்போ என்பது நிரல் களஞ்சியம். நிரல் கோப்புகளோடு, அவற்றை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற முழு வரலாறும் அதில் இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பராமரிக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்ற கருவிதான் இன்று உலகமெங்கும் இதற்குப் பயன்படுகிறது. அதில் பதியப்படும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ‘கமிட்’ என்று பெயர். ஒரு கமிட்டில் பத்துக் கோப்புகளை மாற்றியிருந்தாலும், பத்தும் சேர்ந்தே பதிவாகும். பின்வாங்கினால் சேர்ந்தே பின்வாங்கும்.

ஒரு மாற்றம், மூன்று இடங்கள்

ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காக ஒரு செயலி செய்கிறீர்கள். சேவையகத்தில் மாணவரின் ‘பெயர்’ என்றிருந்த புலத்தை ‘முழுப்பெயர்’ என்று மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரே களஞ்சியமாக இருந்தால் சேவையகம், செயலி, இணையப்பக்கம் மூன்றையும் திருத்தி ஒரே கமிட்டாகப் பதியலாம். வேலை முடிந்தது.

மூன்று களஞ்சியங்களாக இருந்தால் மூன்று கமிட்டுகள் வேண்டும். மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டும். எது முதலில், எது அடுத்து என்ற வரிசையும் தவறக்கூடாது. சேவையகம் மாறி, செயலி மாறாமல் இருந்தால், திரையில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரியும். அவரவர் பகுதியைத் தனியாக ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். சேர்த்து ஓட்டும்போதுதான் பிழை வெளியே வரும். அந்தச் சேர்க்கையை மாணவர்கள் படைப்புக்கு முந்திய வாரத்தில்தானே செய்கிறோம்!

இன்னொரு சங்கடமும் உண்டு. “போன மாதம் விரிவுரையாளரிடம் காட்டியபோது நன்றாக ஓடியதே, அந்த நிலைக்குத் திரும்புவோம்” என்றால், ஒரே களஞ்சியத்தில் ஒரு கமிட்டைத் தேடினால் போதும். மூன்றாகப் பிரித்திருந்தால், அன்று எந்தச் செயலியோடு எந்தச் சேவையகப் பதிப்பு ஓடியது என்று வாட்ஸ்அப் செய்திகளைத் தோண்ட வேண்டியதுதான்.

செக்மென்ட் கற்ற பாடம்

இது மாணவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லையன்று. செக்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வாடிக்கையாளர் தரவுகளைப் பல வெளி நிறுவனங்களின் சேவைகளுக்கு அனுப்பி வைக்கிறது. முதலில் எல்லா நிரல்களும் ஒரே களஞ்சியத்தில் இருந்தன. ஒரு சேவைக்கான சோதனை தோல்வியடைந்தால், அதற்குத் தொடர்பே இல்லாத மற்ற வேலைகளும் தடைபட்டன. ஆகவே ஒவ்வொரு சேவைக்கும் தனிக் களஞ்சியம் என்று பிரித்தார்கள்.

தொடக்கத்தில் நிம்மதி. காலப்போக்கில் சேவைகளின் எண்ணிக்கை 140ஐத் தாண்டியது. எல்லாவற்றுக்கும் பொதுவான நூலகத்தில் ஒரு திருத்தம் செய்தால், அதை ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். நேரமில்லாதபோது சிலவற்றில் மட்டும் திருத்தினார்கள். நாளடைவில் ஒவ்வொரு களஞ்சியமும் பொது நூலகத்தின் வெவ்வேறு பதிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்று பொறியாளர்களின் நேரம் பெரும்பாலும் இருப்பதை ஓடவைப்பதிலேயே கரைந்தது. கடைசியில் எல்லாவற்றையும் மீண்டும் ஒன்றாக இணைத்து, அந்த அனுபவத்தை 2018இல் வெளிப்படையாக எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்களின் உண்மையான சிக்கல் சோதனைகளில் இருந்தது. சோதனைகள் ஒவ்வொரு முறையும் இணையம் வழியாக வெளிச் சேவைகளைத் தொட்டுப் பார்த்தன. அந்தப் பக்கம் ஏதாவது கோளாறு என்றால் இந்தப் பக்கம் தோல்வி. பதில்களைப் பதிவுசெய்து வைத்து, அவற்றைக் கொண்டே சோதிக்கும் வழியைக் கண்ட பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. களஞ்சியத்தைப் பிரித்தது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போட்டதைப் போன்றது.

கூகல் செய்கிறதே?

அப்படியானால் எல்லாவற்றையும் எப்போதும் ஒன்றாகவே வைக்க வேண்டுமா? “கூகலே ஒரே களஞ்சியம்தான்” என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். 2015 தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் ஒரே களஞ்சியத்தில் சுமார் 200 கோடி வரி நிரல் இருந்தது. ஆனால் அதைத் தாங்க ‘பைப்பர்’ என்ற சொந்த அமைப்பை அது கட்டியிருக்கிறது. நம்மிடம் இருப்பது நால்வரும் ஒரு மடிக்கணினியும். பெரிய நிறுவனம் செய்கிறது என்பது, சேர்ப்பதற்கும் காரணமாகாது, பிரிப்பதற்கும் காரணமாகாது.

பிரிக்க வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. முதலாவது, பார்க்கும் உரிமை. கிட்ஹப்பில் அனுமதி களஞ்சிய அளவில்தான் தரப்படுகிறது. களஞ்சியத்தைத் திறக்க முடிந்தவர் அதிலுள்ள எல்லாக் கோப்புறைகளையும் பார்க்கலாம். ஒரு பகுதி பொதுமக்களுக்கு, ஒரு பகுதி இரகசியம் என்றால் பிரிக்கத்தான் வேண்டும். (கடவுச்சொற்களை எந்தக் களஞ்சியத்திலும் வைக்கக்கூடாது என்பது வேறு விஷயம்.)

இரண்டாவது, பிறர் தனியே எடுத்துப் பயன்படுத்தும் பகுதி. இதற்கு நம் மொழியிலேயே நல்ல சான்று உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ தமிழ் நிரல்மொழி ஒரு களஞ்சியத்திலும், ‘ஓபன்-தமிழ்’ என்ற தமிழ் உரைக் கருவித்தொகுப்பு வேறொரு களஞ்சியத்திலும் உள்ளன. தமிழ் எழுத்துகளைப் பிரித்தெண்ண விரும்பும் ஒருவருக்கு முழு நிரல்மொழி எதற்கு? அங்கே பிரிவு பொருத்தமானது. அதேவேளை, ஓபன்-தமிழுக்குள் இருக்கும் பல சிறு கருவிகள் ஒரே களஞ்சியத்தில் சேர்ந்தே இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, அளவு. ஒலிப்பதிவுகள், காணொளிகள் போன்ற பெரிய கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் கிட் சேர்த்து வைத்துக்கொள்ளும். 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் ஏற்பதில்லை. அவற்றுக்கு வேறு இடம் வேண்டும்.

“நான் பைதான், அவன் ஜாவா” என்பதோ, “எங்களுக்குள் பேச்சுவார்த்தை குறைவு” என்பதோ காரணமாகாது. முன்னதற்குக் கோப்புறை போதும். பின்னதற்குக் களஞ்சியம் மருந்தல்ல. ஓர் அமைப்பின் தகவல் தொடர்பு எப்படியோ, அது உருவாக்கும் மென்பொருளும் அப்படியே அமையும் என்று மெல்வின் கான்வே 1968இலேயே எழுதிவிட்டார். பேசாத நால்வர் செய்யும் மென்பொருளின் பகுதிகளும் ஒன்றோடொன்று பேசா.

நம் தோட்டங்கள் காட்டும் பாடம்

பிரிவினையின் விலை என்ன என்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1950களிலும் 60களிலும் மலாயாவில் வெள்ளையர் கம்பெனிகள் விற்ற ரப்பர் தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டன. ‘துண்டாடல்’ என்று தாத்தா பாட்டிகள் சொல்வது அதைத்தான். நிலத்தைக் கூறுபோடுவது எளிது. பால் ஆலையையும் மருத்துவமனையையும் ஆயாக் கொட்டகையையும் லயத்து வீடுகளையும் எப்படிக் கூறுபோடுவது? பொதுவாக இருந்தவற்றுக்குப் பொறுப்பாளர் இல்லாமல் போனார். வேலையும் வீடும் இழந்தவர்கள் ஏராளம். அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

மக்களின் வாழ்வாதாரத்தையும் ஒரு திட்டப்பணியையும் சமமாக வைக்க முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பிரித்த பிறகு, பொதுவானதை யார் பார்த்துக்கொள்வார்?

துண்டாடாத பெரிய தோட்டத்திலும் பல டிவிஷன்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கங்காணி, தனிப் பெரட்டுக் களம். ஆனால் ஆபீஸ் ஒன்று, கணக்கு ஒன்று. ஒரே களஞ்சியத்துக்குள் தனித்தனிக் கோப்புறைகள் வைப்பதும் இப்படித்தான். வேலையைப் பிரித்துக்கொள்ளலாம், வரலாறு ஒன்றாக இருக்கும்.

எனவே மாணவர்களே, ஒன்றில் தொடங்குங்கள். பின்னாளில் தேவைப்பட்டால், ஒரு கோப்புறையை அதன் வரலாற்றோடு தனிக் களஞ்சியமாகப் பிரித்தெடுக்கக் கிட்டில் வழி இருக்கிறது. தனித்தனியே வளர்ந்து, வெவ்வேறு பதிப்புகளில் சிக்கிக்கொண்டவற்றைத் திரும்ப ஒட்டவைப்பதுதான் பெரும்பாடு. இரண்டாவது களஞ்சியம் வேண்டும் என்று யாராவது சொன்னால், ‘ஏன்?’ என்பதற்கான பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். பார்க்கும் உரிமை, பிறர் பயன்பாடு, அளவு இவற்றில் ஒன்று அதில் இருந்தால் பிரியுங்கள். இல்லாவிட்டால் ஒரு கோப்புறையைத் திறந்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

நீங்கள் செய்யும் செயலியை அடுத்த ஆண்டு ஒரு தம்பியோ தங்கையோ எடுத்து நடத்த வேண்டியிருக்கும். அவர்கள் கையில் கொடுப்பது முழுமையான ஒன்றாக இருக்கட்டும். எதை எதோடு பொருத்துவது என்று தெரியாத நான்கு துண்டுகளாக இருக்க வேண்டாம்.