அனர்த்த வேளையில் வாயில்லா உயிர்களையும் காப்போம்

“வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்” என்பது எம் முன்னோர் வாக்கு. அனர்த்தம் என்றதும் அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், நகைகள், உடுபுடைவைகள் என்பவற்றை ஒரு பையில் எடுத்து வைக்கின்றோம். முற்றத்தில் சங்கிலியில் நிற்கும் நாயும், அடுப்படியில் படுத்திருக்கும் பூனையும், கொட்டிலில் கட்டிய ஆடு மாடுகளும் நினைவுக்கு வருவது பெரும்பாலும் வீட்டைப் பூட்டிப் படலையைத் தாண்டிய பின்னரே. வளர்ப்புப் பிராணிகளுக்கான முன்னாயத்தம் வசதி படைத்தோரின் ஆடம்பரம் அன்று, அது பிராணி வளர்க்கும் ஒவ்வொரு வீட்டாரினதும் கடமை என்பதே எனது கருத்தாகும்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எமது கரையோரங்களைத் தாக்கியபோது எவருக்கும் முன்னறிவித்தல் கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளமும் சூறாவளியும் அத்தகையன அல்ல. 2008 நவம்பரில் வடக்கை நிலைகுலையச் செய்த ‘நிஷா’ புயலும், 2025 நவம்பர் 28 இல் கிழக்குக் கரையைக் கடந்து நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த ‘டித்வா’ சூறாவளியும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தை ஒட்டி வந்தவையே. ‘டித்வா’வின்போது கால்நடைகளும் கோழிகளும் பெருந்தொகையாக மடிந்தன. ஆண்டுதோறும் மழைக்காலம் வரும் என்பது தெரிந்திருந்தும் ஆயத்தமின்றி இருப்பதை விதி என்று கூறித் தப்பிக்க முடியாது.

கட்டப்பட்ட பிராணியின் நிலை மிகவும் பரிதாபத்துக்குரியது. அவிழ்த்து விட்ட நாய் நீந்தியேனும் மேட்டுநிலத்தை அடையலாம். சங்கிலியில் உள்ள நாய்க்கோ நீர் ஏற ஏறச் சங்கிலியின் நீளமே ஆயுளின் அளவாகிவிடுகிறது. எந்தக் காரணத்தினாலும் பிராணியை உடன் கொண்டுசெல்ல முடியாவிடின், அதன் கட்டை அவிழ்த்து விடுவது நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த உதவியாகும்.

“மனிதரே தவிக்கும்போது மிருகங்களைப் பற்றிப் பேசலாமா?” எனச் சிலர் வினவுவர். இக்கேள்வி நியாயமானது போலத் தோன்றினும், மனித உயிரையும் பிராணியின் உயிரையும் அவ்வளவு இலகுவாகப் பிரித்துவிட முடியாது. 2005 ஓகஸ்ட் 29 இல் ஐக்கிய அமெரிக்காவில் கத்ரினா சூறாவளி வீசியபோது நியூ ஒர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கியது. அங்கு பல முகாம்களில் செல்லப் பிராணிகளுக்கு இடமளிக்கப்படவில்லை. அவற்றைக் கைவிட மனமின்றி வீடுகளிலேயே தங்கித் தம் உயிரை ஆபத்துக்குள்ளாக்கியோர் பலர். இதன் விளைவாக 2006 ஒக்ரோபரில், அவசரகாலத் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும் கருத்திற்கொள்ள வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது. பிராணிக்கு இடமில்லை என்றால் அதை வளர்ப்பவரும் வரமாட்டார் என்பதே அந்நாடு கற்ற பாடம்.

மேலும், இறந்த பிராணிகளின் உடல்கள் அழுகிக் கிணறுகளையும் குளங்களையும் மாசுபடுத்துகின்றன. பசுவை இழந்த குடும்பம் வெள்ளம் வடிந்த பின்னரும் வருமானமின்றி வாடுகிறது. எனவே பிராணிகளைக் காத்தல் சுகாதாரத்தையும் வாழ்வாதாரத்தையும் காத்தலாகும்.

முகாமுக்குள் நாய் வந்தால் கடிக்கும், நோய் பரவும் என்ற அச்சத்தை நான் மறுக்கவில்லை. அதற்கான பரிகாரம் முன்கூட்டியே எடுக்கும் நடவடிக்கையில் உள்ளது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக நடத்தப்படும் இலவச முகாம்களில் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றி, அதற்கான அட்டையைப் பேணி வந்தால் அச்சத்தின் பெரும்பகுதி நீங்கும். முகாமாகும் பாடசாலையின் சைக்கிள் கொட்டகை போன்ற ஓர் ஒதுக்குப்புறத்தைப் பிராணிகளுக்கென ஒதுக்கினால் எஞ்சிய அச்சமும் குறையும். துப்புரவாக்கும் பொறுப்பு அவற்றை வளர்ப்போருடையதாக இருத்தல் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிக செலவின்றிச் செய்யக்கூடியவையே. மூன்று நாட்களுக்குப் போதுமான உலர் உணவு, குடிநீர், ஒரு பாத்திரம், உறுதியான கயிறு, தடுப்பூசி அட்டை என்பவற்றை நீர் புகாத பையில் இட்டு வைக்கலாம். கழுத்துப் பட்டியில் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடலாம். பூனைக்கு மூடியுள்ள, காற்றோட்டமான பிளாஸ்ரிக் கூடை போதும். அவசர வேளையில் மிரளாதிருக்க அதை முன்னரே கூடையில் இருத்திப் பழக்குதல் நன்று. ஆடு மாடுகளை எந்த மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்வது என்பதை மழைக்கு முன்னரே தீர்மானித்து, எச்சரிக்கை கிடைத்ததும் பகல் வெளிச்சத்திலேயே நகர்த்திவிட வேண்டும். நீர் ஏறிய பின்னர் பிராணியை மீட்கத் தனியே திரும்பிச் செல்வது ஆபத்தானது. அத்தருணத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைத்து உதவி கோருவதே அறிவுடைமை.

எமது நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் தேசியத் திட்டமொன்றைத் தயாரிக்க வழிசெய்துள்ளது. அத்தகைய திட்டங்கள் கிராமத்தை எட்டும்போது குடும்ப அங்கத்தவர் தொகையுடன் வீட்டிலுள்ள பிராணிகளின் தொகையும் பதியப்பட வேண்டும். கிராம அலுவலரும் கால்நடை வைத்திய அதிகாரியும் பாடசாலை அதிபரும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கூடிப் பேசினால் இது கைகூடும்.

எமது வீட்டைக் காவல் காத்த நாயும், பால் தந்த பசுவும் வாய் திறந்து உதவி கேட்கமாட்டா. ஆகவே அவற்றுக்காக நாமே முன்கூட்டிச் சிந்திக்க வேண்டும். மழை தொடங்குமுன் இன்றே ஒரு பையை ஆயத்தம் செய்வோம்.